பௌர்ணமியன்று குழந்தைகளோடு மூன்று அம்மன் தரிசனம்

காலையில் சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் அருகிலுள்ள மேலூர் திருவுடையம்மன், உச்சிப்பொழுதில் திருவொற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன். இச்சா, ஞான, கிரியா சக்தி என்று இந்த வரிசையில்தான் தரிசிப்பது வழக்கம். பௌர்ணமி வெள்ளியில் வந்தால் விசேஷம், கூட்டமும் அதிகம். கைக்குழந்தை இருந்தால் வேறு கிழமையில் வரும் பௌர்ணமியே நல்லது.

கும்மிடிப்பூண்டி மார்க்க மின்சார ரயிலில் மீஞ்சூரில் இறங்கி, ஆட்டோவில் மேலூர் போகலாம். திரும்பும்போது திருவொற்றியூர் ஸ்டேஷன். பலருக்கும் இங்கேதான் பிசகும்: மேலூரில் தாமதித்துவிட்டு, வடிவுடையம்மன் சன்னதி நடை சாத்தும் நேரத்தில் ஓடுவார்கள். பத்து மணிக்குள் மீஞ்சூரிலிருந்து ரயில் ஏறிவிடுங்கள். மதியம் பிரகாரக் கல் கொதிக்கும். பிள்ளைகளுக்குப் பருத்தி சாக்ஸ் அவசியம்.

சாப்பாட்டுக்குத் தயிர்சாதமே உத்தமம், ஆனால் தயிரை ஊற்றிப் பிசைந்தால் மதியத்துக்குள் புளித்துவிடும். ஒரு டம்ளர் அரிசியைக் குழைய வடித்து, காய்ச்சி ஆறவைத்த பால் இரண்டு டம்ளர், தயிர் இரண்டு ஸ்பூன் மட்டும் சேருங்கள். சாதம் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சூட்டில் உறை சேர்த்தால் பால் திரிந்துவிடும். உப்பைச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம்.

பிறகு திருவொற்றியூர் தேரடி மெட்ரோவில் சென்ட்ரல், அங்கிருந்து ஆவடி மார்க்க ரயிலில் திருமுல்லைவாயில். கொடியிடையம்மன் கோயிலிலேயே இருக்கும் சிவன், மாசிலாமணீஸ்வரர் சன்னதி முன்னால் உள்ள இரண்டு வெள்ளெருக்குத் தூண்களையும், கிழக்கே திரும்பி நிற்கும் நந்தியையும் பிள்ளைகளுக்குக் காட்டத் தவறாதீர்கள்.