உயர்தர இரசாயனவியலை மீண்டும் எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இலங்கையில் கல்விப் பொதுத் தராதர உயர்தரப் பரீட்சையை உயிரியல் பிரிவில் எழுதினாலும் கணிதப் பிரிவில் எழுதினாலும் மாணவர் பெரும்பாலும் இரசாயனவியலைக் கடந்தே ஆகவேண்டியிருக்கிறது. எதிர்பார்த்த பெறுபேறு கிடைக்காமல் இரண்டாந் தடவை எழுத முடிவெடுப்போரிற் பலர் முதல் தடவையைவிடக் கூடுதலாகவே உழைக்கிறார்கள். உழைத்தும் பெறுபேறு அசையாமல் நின்றுவிடும்போது, தமக்கு இந்தப் பாடம் வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பெரும்பாலானோர் விடயத்தில் அது உண்மையன்று. முதல் தடவை புள்ளிகள் எங்கே போயின என்று கண்டறியாமல், அதே குறிப்புகளை அதே வரிசையில் அதே வேகத்தில் மீண்டும் படிப்பதுதான் அவர்களைத் தேங்க வைக்கிறது. இக்கட்டுரையிற் சொல்லப்படும் தவறுகளுட் பெரும்பாலானவை அந்த ஒன்றிலிருந்து கிளைப்பவையே.

பெறுபேற்றுத் தாளில் பாடத்திற்குரிய சித்தியும், ஏனைய பரீட்சார்த்திகளின் புள்ளிகளோடு ஒப்பிட்டுக் கணிக்கப்படும் இசட் புள்ளியும் மாவட்ட, அகில இலங்கை நிலைகளும் இருக்கும். எந்த வினாவில் எவ்வளவு கிடைத்தது என்ற விவரம் இராது. ஆகவே தன் குறையைத் தேடும் வேலை மாணவரிடமே விடப்பட்டிருக்கிறது. அதைச் செய்வதற்கு நல்ல வழி, இதுவரை செய்து பார்க்காத ஒரு கடந்தகால வினாத்தாளை எடுத்து, உரிய நேரத்திற்குள் எழுதி, பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டத்தை வைத்துக் கண்டிப்பாகத் திருத்துவதாகும். திருத்தும்போது இழந்த ஒவ்வொரு புள்ளியும் தெரியாமல் இழந்ததா, தெரிந்திருந்தும் இழந்ததா என்று பிரித்துக் குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டாந் தடவை எழுதுவோரிடம் பெரும்பாலும் இரண்டாவது வகையே மிகுந்திருக்கும். அந்த வகைக் குறைக்கு மீண்டும் ஒருமுறை கொள்கை வகுப்பில் உட்கார்வது மருந்தாகாது. ஆயினும் பலர் செய்யும் முதல் வேலை, தனியார் கல்வி நிலையமொன்றில் முதலாம் அலகிலிருந்து ஆரம்பமாகும் முழுக் கொள்கை வகுப்பில் மறுபடியும் சேர்வதுதான். அணுக் கட்டமைப்பை மூன்று மாதம் கேட்டு முடிக்கும்போது, உண்மையில் கைவராமலிருந்த மின்னிரசாயனத்திற்கும், ஒரு சேதனச் சேர்வையை வேறொன்றாக மாற்றும் சேதன மாற்றீடுகளுக்கும் நேரம் எஞ்சுவதில்லை.

பெறுபேறு வெளியாகும் வரை புத்தகத்தைத் தொடாமல் காத்திருப்பதும் பெரிய இழப்பாகும். 2022ஆம் ஆண்டுக்குரிய பரீட்சை 2023 சனவரியில் ஆரம்பமானது. அதன் பெறுபேறுகள் அவ்வாண்டு செப்டெம்பரில் வெளியாயின. அடுத்த பரீட்சை 2024 சனவரியிலேயே தொடங்கிவிட்டது. பெறுபேற்றைப் பார்த்த பின்னரே படிக்கத் தொடங்கியவருக்கு மூன்று பாடங்களுக்குமாகக் கிடைத்தது ஏறத்தாழ நான்கு மாதங்கள்தான். எல்லா ஆண்டும் இவ்வளவு நெருக்கடி ஏற்படுவதில்லை என்றாலும், பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறும்போதே தன் நிலையை ஓரளவு அறிந்த மாணவர், சில வாரம் ஓய்வெடுத்தபின் மெல்லத் தொடங்கிவிடுவது நல்லது. விடைத்தாள் மீள்பரிசீலனைக்கு விண்ணப்பித்துவிட்டு அதன் முடிவு வரட்டும் என்று இருப்பதும் இவ்வாறானதே. விண்ணப்பிப்பது உங்கள் உரிமை, ஆனால் படிப்பை அதனோடு முடிச்சுப் போடாதீர்கள்.

இன்னொரு தவறு பல குடும்பங்களைத் தாமதமாகவே தாக்குகிறது. இரசாயனவியல் மட்டுமே குறைந்தது, ஆகவே அதை மட்டும் திரும்ப எழுதினால் போதும் என்று நினைத்து மற்ற இரண்டு பாடங்களையும் கைவிடுவதே அது. அரச பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று பாடங்களிலும் ஒரே தடவையில் சித்தியடைந்திருக்க வேண்டும். ஒரு தடவையின் இரசாயனவியலையும் வேறொரு தடவையின் பௌதிகவியலையும் சேர்த்து ஒரு பெறுபேறாக்க முடியாது. சராசரி இசட் புள்ளியும் அந்த ஒரு தடவையின் மூன்று பாடங்களிலிருந்தே கணிக்கப்படுகிறது. பல்கலைக்கழக அனுமதிக்காக மொத்தம் மூன்று தடவைகள்தாம் உள்ளன என்பதால், இதை அறியாமல் ஒரு தடவையை வீணாக்குவது மிகவும் வருந்தத்தக்கது. வாரத்தின் பெரும் பங்கை இரசாயனவியலுக்குக் கொடுங்கள். மற்ற இரண்டும் தேய்ந்துபோகாத அளவுக்கு அவற்றிற்கும் ஒழுங்காக நேரம் ஒதுக்குங்கள்.

கடந்தகால வினாத்தாள்களைப் பயன்படுத்தும் முறையிலும் இரண்டாந் தடவை எழுதுவோருக்கே உரிய ஓர் ஆபத்து இருக்கிறது. முதல் தடவைக்காக அவற்றை ஏற்கெனவே இருமுறை மும்முறை செய்திருப்பதால், வினாவைப் பார்த்தவுடன் விடை நினைவுக்கு வந்துவிடுகிறது. 50 பல்தேர்வு வினாக்களில் 44 சரி என்று மகிழ்ந்துவிட்டுப் பரீட்சைக்குப் போனால், தரவு சற்று மாறிவந்த வினாவின்முன் தடுமாற நேரிடும். விடையின் இலக்கத்தை நினைவுகூருவதும் விடையைக் கண்டடைவதும் வெவ்வேறு திறன்கள். பழகிய வினாத்தாளானால், சரியான விடை ஏன் சரி என்பதோடு மற்ற நான்கு தெரிவுகளும் ஏன் பிழை என்பதையும் எழுதிப் பாருங்கள். பல்தேர்வு வினாத்தாளின் 31 முதல் 40 வரையான வினாக்களில் நான்கு கூற்றுகளையும் தனித்தனியே சரியா பிழையா என்று தீர்மானித்த பிறகே அறிவுறுத்தல் அட்டவணையைப் பார்க்க வேண்டும். 41 முதல் 50 வரையான கூற்றுச் சோடிகளில் இரண்டும் உண்மையாக இருந்தும் இரண்டாவது முதலாவதை விளக்காதிருக்கும் இடத்திலேதான் நன்றாகப் படித்தவர்களும் சறுக்குகிறார்கள். பிழையான விடைக்குப் புள்ளி கழிக்கப்படுவதில்லை, ஆகவே ஒரு வினாவையும் வெறுமையாக விடக்கூடாது. 2017இல் அறிமுகமான பாடத்திட்டத்திற்குரிய முதற் பரீட்சை 2019இல் நடைபெற்றது. அதற்கு முந்திய வினாத்தாள்களைச் செய்பவர்கள், தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியை அருகில் வைத்து, இப்போது பாடத்திட்டத்தில் இல்லாதவற்றை நீக்கிவிட வேண்டும்.

கணிப்பானோடு பயிற்சி செய்வது சிறு தவறாகத் தோன்றலாம், விளைவோ பெரிது. இப்பரீட்சையில் கணிப்பான் பயன்படுத்த அனுமதியில்லை. வீட்டில் பத்து மாதம் கணிப்பானை அழுத்திப் பழகிய கை, மண்டபத்தில் ஒரு வகுத்தலுக்கு மூன்று நிமிடம் எடுத்துக்கொள்ளும். வினாத்தாளைத் தயாரிப்பவர்கள் கையாற் செய்யக்கூடிய எண்களையே பெரும்பாலும் தருகிறார்கள். உதாரணமாக, வாயு மாறிலி 8.314ஐ 500 கெல்வினாற் பெருக்கினால் 4157 கிடைக்கும். அமுக்கமும் கனவளவும் அதனோடு இலகுவாகச் சுருங்கும் எண்களாக அமைந்திருக்கும். சுருங்காத, அலங்கோலமான எண் வந்தால் பெரும்பாலும் அலகிலே பிழை விட்டிருக்கிறோம் என்று உடனே சந்தேகிக்க வேண்டும். கன டெசிமீற்றரைக் கன மீற்றருக்கு மாற்றாமல் சமன்பாட்டில் இட்டுவிடுவதே இங்கு அடிக்கடி நடப்பது. அமுக்கத்தைப் பஸ்காலிலும் கனவளவைக் கன மீற்றரிலும் இட்டால்தான் 8.314 என்ற பெறுமானம் பொருந்தும்.

பௌதிக இரசாயனத்தில் தெரிந்தும் புள்ளி இழக்கும் இடங்கள் இன்னும் பல. கரைதிறன் பெருக்கக் கணக்கொன்றில் கன டெசிமீற்றருக்கு 0.002 மூல் செறிவுள்ள வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் அதே செறிவுள்ள சோடியம் குளோரைட்டுக் கரைசலும் சம கனவளவுகளிற் கலக்கப்படுகின்றன என்று கொள்வோம். கலந்தவுடன் கனவளவு இரட்டிப்பதால் ஒவ்வோர் அயனின் செறிவும் 0.001 ஆகிவிடும், அயன் பெருக்கம் 1 × 10⁻⁶. அவசரத்தில் 0.002ஐயே பயன்படுத்தி 4 × 10⁻⁶ என்று எழுதிவிட்டால், வீழ்படிவு தோன்றும் என்ற முடிவு தற்செயலாகச் சரியாக வந்தாலும் படிமுறைக்குரிய புள்ளிகள் போய்விடும். நியமிப்பிலும் இப்படியே. சோடியம் ஐதரொட்சைட்டும் சோடியம் காபனேற்றும் கலந்த கரைசலொன்றைப் பீனோத்தலீன் காட்டியுடன் ஐதரோகுளோரிக் அமிலத்தால் நியமிக்கும்போது முடிவுப்புள்ளி 20.00 கன சென்ரிமீற்றரிலும், பின்னர் மெதைல் செம்மஞ்சளைச் சேர்த்துத் தொடரும்போது மேலும் 8.00 கன சென்ரிமீற்றர் சேர்த்த நிலையிலும் கிடைத்ததாகக் கொள்ளுங்கள். முதற் கட்டத்தின் 20.00 முழுவதும் ஐதரொட்சைட்டுக்கே உரியது என எடுத்துக்கொள்வது வழமையான தவறு. அக்கட்டத்தில் காபனேற்று ஐதரசன் காபனேற்றாக மாறுவதற்கும் அமிலம் செலவாகிறது. இரண்டாங் கட்டத்தின் 8.00 அந்த ஐதரசன் காபனேற்றுக்குரியது. எனவே காபனேற்றுக்கு முதற் கட்டத்திலும் 8.00 செலவாகியிருக்க வேண்டும். ஐதரொட்சைட்டுக்கு எஞ்சுவது 12.00. இரண்டு கட்டங்களின் சமன்பாடுகளையும் முதலில் எழுதிவிட்டுக் கணக்கைத் தொடங்கினால் இந்தக் குழப்பமே எழாது. சூத்திரத்தை மனனம் செய்தவர் தடுமாறும் வினா இது.

அசேதன இரசாயனத்தில் அவதானத்தையும் அனுமானத்தையும் கலந்து எழுதும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். "செப்பு அயன் உள்ளது" என்பது அனுமானம். "இளநீல வீழ்படிவு தோன்றி, மிகையான அமோனியாவிற் கரைந்து கடும் நீலக் கரைசலைத் தருகிறது" என்பது அவதானம். தெளிந்த கரைசல் என்பதும் நிறமற்ற கரைசல் என்பதும் ஒன்றல்ல. செப்புச் சல்பேற்றுக் கரைசல் தெளிந்தது, ஆனால் நீல நிறமுடையது. அலுமினியம் ஐதரொட்சைட்டு மிகையான சோடியம் ஐதரொட்சைட்டிற் கரையும், மிகையான அமோனியாவிற் கரையாது. சிங்க் ஐதரொட்சைட்டு இரண்டிலும் கரையும். மிகை என்ற ஒரு சொல்லைக் கவனியாமல் வாசித்தால் முழு வினாவும் வேறு திசைக்குப் போய்விடும். கைத்தொழில் இரசாயனத்தையும் சூழல் இரசாயனத்தையும் கடைசி வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் சரியன்று. அங்கேயும் காரணம் கேட்கப்படுகிறது. சொல்வே முறையால் சோடியம் காபனேற்றைத் தயாரிக்க முடிகிறபோது பொற்றாசியம் காபனேற்றை ஏன் அவ்வாறு தயாரிக்க முடியாது என்று கேட்டால், பொற்றாசியம் ஐதரசன் காபனேற்றின் கரைதிறன் கூடியதாகையால் அது சோடியம் உப்பைப்போல் எளிதிற் படியாது என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

சேதன இரசாயனத்திற்கு வருவோம். மாற்றீட்டு வினாவில், பட்டியலில் தரப்பட்ட இரசாயனப் பொருள்களை மாத்திரம் பயன்படுத்துமாறும், குறிப்பிட்ட படிகளுக்கு மேற்படாதிருக்குமாறும் அறிவுறுத்தல் வருவதுண்டு. தனக்குப் பழக்கமான, ஆனால் பட்டியலில் இல்லாத சோதனைப்பொருளைப் பயன்படுத்தி அழகான பாதையொன்றை எழுதுபவருக்கு அதனாற் பயனில்லை. இலக்குச் சேர்வையிலிருந்து பின்னோக்கி வந்து, எந்தக் காபன் காபன் பிணைப்பு புதிதாக உண்டாக வேண்டும் என்று முதலில் தீர்மானிப்பதே சிறந்த முறை. கிரிக்னாட் சோதனைப்பொருளைத் தயாரிக்கும் மூலக்கூற்றிலே ஐதரொட்சில் கூட்டம் இருந்தால் அது சோதனைப்பொருளையே அழித்துவிடும் என்பதையும், சோடியம் போரோஐதரைட்டு அல்டிகைட்டையும் கீற்றோனையும் தாழ்த்துமேயன்றிக் காபொட்சிலிக் அமிலத்தைத் தாழ்த்தாது, அதற்கு இலிதியம் அலுமினியம் ஐதரைட்டு வேண்டும் என்பதையும் ஒவ்வொரு படியிலும் நினைத்துப் பார்க்க வேண்டும். பொறிமுறையில் வளைந்த அம்புக்குறி இலத்திரன் இருக்கும் இடத்திலிருந்து புறப்பட வேண்டும். புரோப்பீனுடன் ஐதரசன் புரோமைட்டு தாக்கமுறும்போது அம்பு இரட்டைப் பிணைப்பிலிருந்து ஐதரசனை நோக்கிச் செல்கிறது. ஐதரசனிலிருந்து பிணைப்பை நோக்கி வரைபவர் விளைவைச் சரியாக எழுதினாலும் பொறிமுறைக்குரிய புள்ளியைப் பெறமாட்டார். சேதனத்தை வாசித்து மட்டும் படிக்க முடியாது. தினமும் வெற்றுத் தாளில், குறிப்பைப் பாராமல், மாற்றீடுகளை வரைந்து பழகுவதுதான் வழி.

இரண்டாந் தடவை எழுதுபவர் வீட்டில் தனித்துப் போவதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கூடப் படித்தவர்கள் பல்கலைக்கழகம் சென்றிருக்க, வெட்கத்தால் பழைய ஆசிரியரைக்கூடச் சந்திக்காமல் அறைக்குள்ளே இருந்து படிப்பவர்கள் உண்டு. தம் விடையைத் திருத்த வேறொருவர் இல்லாதபோது, அரைகுறையான காரணங்களும் தமக்கே சரியாகத் தோன்றிவிடும். வாரத்திற்கு ஒரு கட்டுரை வினாவையாவது ஆசிரியர் ஒருவரிடமோ, புள்ளியிடும் திட்டம் அறிந்த மூத்த மாணவரிடமோ கொடுத்துத் திருத்திக்கொள்ளுங்கள். பெற்றோரும் அயல்வீட்டுப் பிள்ளையின் பெறுபேற்றைச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்துச் சொல்லாமலிருந்தால் அது பெரிய உதவி.

நேரப் பங்கீட்டை மண்டபத்தில் போய்த் தீர்மானிக்கலாம் என்று விடக்கூடாது. இரண்டாம் வினாத்தாளுக்கு மூன்று மணித்தியாலம்; மொத்தப் புள்ளி 1000. அமைப்புக் கட்டுரை வினாக்கள் நான்குக்கும் தலா 100, தெரிவுசெய்யும் கட்டுரை வினாக்கள் நான்குக்கும் தலா 150. கணக்கிட்டால் அமைப்புக் கட்டுரை ஒன்றுக்கு 18 நிமிடம், கட்டுரை ஒன்றுக்கு 27 நிமிடம் வரும். அதாவது முதற் பகுதியை 72 நிமிடத்தில் விட்டுவிட வேண்டும். முதற் பகுதியிலேயே ஒன்றரை மணித்தியாலத்திற்கு மேல் செலவழித்துவிட்டுக் கடைசிக் கட்டுரையைத் தொடாமலே தாளைக் கொடுப்பவர்கள், அந்த ஒரு வினாவால் 150 புள்ளிகளை எழுதாமலே இழக்கிறார்கள். கட்டுரைப் பகுதிகள் இரண்டில் ஒவ்வொன்றிலும் மூன்று வினாக்களில் இரண்டையே தெரிவுசெய்ய வேண்டும். வினாத்தாளுடன் தரப்படும் 10 நிமிட மேலதிக வாசிப்பு நேரத்தை அந்தத் தெரிவுக்கென்றே ஒதுக்கி, வினாவின் முதல் உபபகுதி இலகுவாக இருக்கிறது என்பதற்காக அதைத் தெரிவுசெய்யாமல், கடைசி உபபகுதி வரை வாசித்து, எதில் முழுமையாகப் போக முடியும் என்று பார்த்த பிறகே பேனாவை எடுங்கள்.