காளான் போட்ட இத்தாலிய வேட்டைக்காரக் கோழி: கொழும்புச் சமையலறைக்கு ஏற்றபடி

சட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஊற்றாமல் சமைக்க வேண்டிய கோழி இது. அப்படியிருந்தும் முதல் தடவை செய்பவர்களுக்குப் பெரும்பாலும் வந்து சேர்வது சிவப்பு நிறத்தில் ஒரு கோழிச் சொதிதான். காரணம் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கிறது: உறைந்த கோழி, காளான், தக்காளி. மூன்றும் தண்ணீர் மூட்டைகள். எதன் தண்ணீரை எப்போது வெளியேற்றுவது என்று பிடிபட்டுவிட்டால் மிச்சமெல்லாம் பொறுமை மட்டுமே.

இத்தாலியில் இதை பொல்லோ அல்லா கச்சாத்தோரா என்பார்கள். கச்சாத்தோரே என்றால் வேட்டைக்காரன். ஊருக்கு ஊர் செய்முறை மாறும். தக்காளியும் காளானும் சேர்த்து மெல்லிய தீயில் வேகவைப்பதே வெளியில் அதிகம் அறியப்பட்ட வகை. இங்கே சொல்வதும் அதுதான்.

நான்கைந்து பேருக்கு எலும்புடன் தொடையும் காலுமாக 1.2 கிலோ கோழி, 400 கிராம் காளான், பம்பாய் வெங்காயம் பெரிதாக 2, சிறிய கரட் 1, செலரித் தண்டு 3, உள்ளி 4 பல்லு, 400 கிராம் தக்காளி டின் ஒன்று, தக்காளி பேஸ்ட் 1 மேசைக்கரண்டி, வைன் 150 மில்லிலீட்டர், ரோஸ்மேரி ஒரு கிளை, பே இலை 2, ஒலிவ் எண்ணெய் 4 மேசைக்கரண்டி, கோதுமை மா 3 மேசைக்கரண்டி, உப்பு 12 கிராம், மிளகு. உப்புக் கணக்கு கோழியின் எடையில் நூற்றுக்கு ஒன்று; தட்டையாக அளந்த இரண்டு தேக்கரண்டி கிட்டத்தட்ட அவ்வளவு வரும்.

கடையில் கவனிக்க வேண்டியவை

நெஞ்சுத் துண்டு வேண்டாம். நெஞ்சு இறைச்சி 74 பாகையைத் தாண்டியதும் நார் நாராக உலரத் தொடங்கிவிடும். தொடையில் கொலாஜன் என்ற இணைப்புத் தசைப் புரதம் அதிகம். அது கரைந்து ஜெலற்றினாகி, குழம்புக்கு உதட்டில் ஒட்டும் ஒரு கனத்தைத் தரும். அதற்கு இறைச்சியின் உட்பகுதி 85 பாகை வரை போக வேண்டும். முழுக் கோழிதான் வாங்கியிருக்கிறது என்றால் நெஞ்சைத் தனியே வைத்துக் கடைசி இருபது நிமிடத்துக்கு மட்டும் சட்டியில் போடுங்கள்.

இறைச்சிக் கடையில் சும்மா நின்றால் கறித் துண்டாகக் கொத்திக் கொடுத்துவிடுவார்கள். அப்படி வெட்டினால் எலும்புச் சில்லுகள் குழம்பில் கலக்கும், சின்னத் துண்டுகள் அரை மணித்தியாலத்தில் எலும்பை விட்டு உதிரும். “கறிக்கு வெட்ட வேணாம் அண்ணை, மூட்டில மட்டும் பிரிச்சுத் தாங்கோ” என்று முதலே சொல்லிவிடுங்கள். தோல் இருந்தால் நல்லது. தோல் நீக்கியதுதான் கிடைத்தது என்றால் மா பிரட்டும் படியைத் தவிர்க்க வேண்டாம். தோலில்லாத இறைச்சி சட்டியில் ஒட்டிப் பிய்வதை மாதான் தடுக்கும்.

காளானில் சுப்பர்மார்க்கெட்டில் கிடைப்பது பட்டன், சிப்பிக் காளான், அபலோன் என்ற மூன்றும்தான் அநேகமாக. மூன்றுமே சரிவரும். பட்டன் வட்டமாக நிற்கும். சிப்பியும் அபலோனும் இறைச்சி போல நாராகப் பிரியும், விலையும் இறங்கியிருக்கும். பக்கெற்றின் உட்புறத்தில் மஞ்சள் தண்ணீர் நிற்கிறதா, காளான் வழுவழுப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். போர்ச்சீனி என்ற இத்தாலியக் காட்டுக் காளான் காய்ந்ததாக எங்காவது கிடைத்தால் 15 கிராம் போதும். வெந்நீரில் அரை மணித்தியாலம் ஊறவைத்து, அடியில் தங்கும் மண்ணை விட்டு, ஊறிய தண்ணீரை வடித்துச் சேருங்கள். விலை கேட்டுத் தலை சுற்றினால் விட்டுவிடலாம், குறை ஒன்றும் வராது.

அடுத்தது பலரும் ஏமாறும் இடம்: பே இலை. நம் கடைகளில் அந்தப் பெயரில் வருவதில் பாதி பிரியாணி இலை. இலையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். காம்பிலிருந்து நுனி வரை மூன்று நரம்புகள் நீளமாக ஓடினால் அது பிரியாணி இலை. நசுக்கினால் கறுவா வாசம் வரும். நடுவில் ஒரே நரம்பு, அதிலிருந்து பக்கவாட்டில் கிளைகள் என்றால் அதுதான் இத்தாலிக்காரரின் இலை. முதலாவதைப் போட்டால் பிழையில்லை, ஆனால் வீடு முழுக்கப் பிரியாணி மணக்கும். சரியானது இல்லையென்றால் இலையே போடாமல் ரோஸ்மேரியோடு நிறுத்துங்கள். கறிவேப்பிலை, ரம்பை பக்கம் கை போகவே கூடாது.

இங்கு விளையும் செலரி மெல்லிய தண்டும் நிறைய இலையுமாக இருக்கும், வாசம் கடுமை. தண்டை மட்டும் எடுத்து இலையை சூப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள். டின் தக்காளியில் தக்காளி, தக்காளிச் சாறு, கொஞ்சம் உப்பு அல்லது புளிப்புப் பொருள் தவிர வேறெதுவும் எழுதியிருக்கக் கூடாது. போத்தலில் வரும் தக்காளி சோஸ் இதற்கு ஆகாது, அது சீனியும் வினாகிரியும். சந்தைத் தக்காளிதான் என்றால் 700 கிராம், நன்றாகப் பழுத்தது. கொதிநீரில் அரை நிமிடம் போட்டுத் தோலை உரித்து, விதையும் நீரும் உள்ள பகுதியை வழித்து எறிந்துவிட்டு நறுக்குங்கள்.

முதல் நாள் இரவு

உறைந்த கோழியை பிரிட்ஜின் கீழ்த் தட்டிலேயே இளக விடுங்கள். ஒரு இரவு வேண்டும். இளகியதும் வரும் தண்ணீரைக் கொட்டி, ஒவ்வொரு துண்டையும் டிஷ்யூவால் ஒற்றி, உப்புப் பூசி, மூடாமல் பிரிட்ஜில் வையுங்கள். நான்கு மணித்தியாலமாவது இருக்கட்டும். மற்ற உணவுகளில் படாதபடி ஆக அடித் தட்டில் வைக்க வேண்டும். கொழும்பின் ஈரக் காற்றில் மேசையில் வைத்து எதுவும் உலராது, பழுதாகத்தான் பார்க்கும். பிரிட்ஜின் உள்ளே காற்று உலர்ந்தது, தோல் கடதாசி போல இறுகும். அந்தத் தோல்தான் பொன்னிறமாகும். ஈரத்தோல் முதலில் அவியும், பிறகுதான் நிறம் பிடிக்கும், அதற்குள் இறைச்சி பாதி வெந்துவிடும்.

சட்டி எது?

தடித்த அடி கொண்ட, 28 சென்ரிமீற்றர் அகலமான எவர்சில்வர் அல்லது எனாமல் சட்டி. பூச்சில்லாத அலுமினியச் சட்டியில் தக்காளியும் வைனும் சேர்ந்து உலோகச் சுவையைக் கிளப்பும். இரும்புத் தாச்சியும் அப்படியே. போதாததற்குப் பழக்கி வைத்த கறுப்புப் படலத்தையும் புளிப்பு தின்றுவிடும். மண்சட்டியில் வேகவைக்கலாம், அருமையாக இருக்கும், ஆனால் நிறம் எடுக்கும் வேலையை வேறொரு பாத்திரத்தில் முடித்துவிட்டுத்தான் அதற்கு மாற்ற வேண்டும்.

காளானை முதலில் முடியுங்கள்

காளானில் கிட்டத்தட்ட 90 வீதம் தண்ணீர். அதைப் பச்சையாகக் குழம்பில் போட்டால் 400 கிராமிலிருந்தும் வடிகிற தண்ணீர் முழுவதும் உங்கள் குழம்பில்தான். பட்டனை நான்காக வெட்டுங்கள், சிப்பியைக் கையால் கிழியுங்கள், அபலோனின் கட்டையான அடியை வெட்டி எறியுங்கள். ஊறவைக்காதீர்கள், பட்டனில் மண் இருந்தால் ஒரு ஓட்டம் கழுவித் துடைத்தால் போதும்.

சட்டியை நன்றாகச் சூடாக்கி, எண்ணெய் இல்லாமல், காளானில் பாதியை மட்டும் பரப்புங்கள். உப்பு வேண்டாம். முதல் ஒன்றிரண்டு நிமிடம் கிறீச் கிறீச் என்று சத்தம் கேட்கும். பிறகு தண்ணீர் விட்டுக் கொதிக்கும். அந்தத் தண்ணீர் முழுக்க வற்றியதும் சத்தம் நின்று ஒரு அமைதி வரும். அப்போது ஒரு தேக்கரண்டி எண்ணெய். இப்போது சீறத் தொடங்கும், ஓரங்கள் பழுப்பாகும். பட்டனுக்கு எட்டுப் பத்து நிமிடம், சிப்பிக்கு ஆறு. ஒரு சிட்டிகை உப்புப் போட்டு எடுத்துவிட்டு மிச்சப் பாதியையும் அப்படியே செய்யுங்கள். கூட வெந்துவிடுமோ என்ற பயம் தேவையில்லை: காளானின் செல் சுவரில் இருப்பது கைற்றின், அது மரக்கறி போலக் குழையாது. குறைய வேகவைப்பதுதான் இங்கே தவறு.

கோழிக்கு நிறம்

சமைக்க அரை மணித்தியாலம் இருக்கும்போது கோழியை வெளியே எடுங்கள். மாவும் மிளகும் கலந்து துண்டுகளில் லேசாகப் பிரட்டி, தட்டி உதறுங்கள். மாப் பூச்சு தூசி மாதிரி இருக்க வேண்டும், பஜ்ஜி மாதிரியல்ல. மாவைச் சட்டிக்குப் போகிற நிமிடத்தில் பிரட்டுங்கள், முன்கூட்டியே பிரட்டி வைத்தால் பசையாகிவிடும்.

இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய், நடுத்தரத்துக்குச் சற்று மேலான தீ, தோல் பக்கம் கீழே, ஒரு தடவைக்கு நான்கு துண்டு. நெருக்கிப் போட்டால் ஆவி போக வழியில்லாமல் எல்லாம் சேர்ந்து அவியும். ஐந்து நிமிடம் தொடாதீர்கள். இழுத்துப் பார்த்து வரவில்லையென்றால் இன்னும் தயாராகவில்லை என்று பொருள். நிறம் பிடித்ததும் தானே விடும். மறுபக்கம் மூன்று நிமிடம். உள்ளே பச்சையாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

எல்லாத் துண்டும் முடிந்ததும் சட்டியின் அடியைப் பாருங்கள். பழுப்பு என்றால் அதுதான் குழம்பின் உயிர். கறுப்பு என்றால் மா தீய்ந்திருக்கிறது. இரக்கப்படாமல் துடைத்து எறிந்துவிட்டுப் புது எண்ணெய் ஊற்றுங்கள். தீய்ந்த கசப்பை எவ்வளவு சீனி போட்டாலும் மறைக்க முடியாது.

குழம்பு

மீதி எண்ணெயில் பொடியாக நறுக்கிய வெங்காயம், கரட், செலரி. மெல்லிய தீ, பன்னிரண்டு நிமிடம். வெங்காயம் கண்ணாடி போலாகி இனிக்க வேண்டும், கறிக்கு வதக்குவது போலச் சிவக்கக் கூடாது. கடைசி ஒரு நிமிடத்துக்கு நசுக்கிய உள்ளி. காரம் வேண்டுமானால் ஒரு செத்தல் மிளகாயை முழுசாகப் போடலாம். இத்தாலியரும் காய்ந்த மிளகாய் போடுவதுண்டு. மிளகாய்த் தூளைத் தொட்டால் மட்டும் இது கோழிக் கறியாகிவிடும். பிறகு தக்காளி பேஸ்ட். அது செங்கல் நிறத்துக்கு இருளும் வரை இரண்டு நிமிடம் பிரட்டுங்கள், பச்சை வாடை போகும்.

தீயைக் கூட்டி வைனை ஊற்றி, மரக்கரண்டியால் அடியைச் சுரண்டுங்கள். வெள்ளையோ சிவப்போ, இனிப்பில்லாதது. பாதியாக வற்றி, முகத்தில் குத்தும் மதுவாடை அடங்கும் வரை காத்திருங்கள். போயா தினத்தில் சமைப்பதென்றால் முதல் நாளே வாங்கி வையுங்கள், அன்று மதுக்கடை திறக்காது.

வைன் பாவிக்காத வீடுகள் தயங்கத் தேவையில்லை. ரோமைச் சுற்றியுள்ள லாசியோ பகுதியில் தக்காளியே இல்லாமல் ரோஸ்மேரி, உள்ளி, வினாகிரி போட்டு இதே கோழியைச் செய்கிறார்கள், சிலர் உப்பிட்ட நெத்தலியும் சேர்ப்பார்கள். ஆக வினாகிரி இந்தச் சட்டிக்கு அந்நியம் இல்லை. தென்னை வினாகிரி 2 மேசைக்கரண்டி, உப்பில்லாத கோழி ஸ்டொக் 100 மில்லிலீட்டர். ஸ்டொக் கட்டி கரைப்பதானால் கோழிக்குப் போட்ட உப்பில் மூன்றில் ஒன்றைக் குறையுங்கள். பழரசம் ஊற்றும் யோசனையை நாங்கள் சிபாரிசு செய்ய மாட்டோம், குழம்பு இனித்துக் கிடக்கும்.

தக்காளியைக் கையால் நசுக்கிப் போட்டு, ரோஸ்மேரி, பே இலை சேர்த்து ஐந்து நிமிடம் கொதித்ததும் கோழியைத் தோல் மேலே பார்த்தபடி அடுக்குங்கள். குழம்பு துண்டின் பாதி உயரத்துக்கு நின்றால் சரி. மூழ்கவில்லையே என்று தண்ணீர் ஊற்றுகிற கை இங்கேதான் நீளும். ஊற்றாதீர்கள். கோழியே இன்னும் விடும்.

மூடியைச் சற்று நீக்கி வைத்து 40 நிமிடம். மேற்பரப்பில் நொடிக்கு ஒன்றிரண்டு குமிழி மட்டும் வர வேண்டும். காஸ் அடுப்பின் ஆகச் சிறிய தீயும் இதற்குப் பெரிதாக இருக்கும் என்றால் சட்டிக்கு அடியில் பழைய இரும்புத் தோசைக்கல் ஒன்றை வையுங்கள். சூடு பரவி, அடிப்பிடிக்காது. தளதளவென்று கொதிக்க விட்டால் இறைச்சி சுருங்கி இறுகும். பாதியில் துண்டுகளின் இடத்தை மாற்றுங்கள். ஊர்க்கோழி என்றால் ஒன்றரை மணித்தியாலத்துக்குக் குறையாது. அதற்கு மட்டும் இடையில் அரைக் கோப்பை ஸ்டொக் தேவைப்படலாம். புரொயிலரை பிரஷர் குக்கரில் வைக்காதீர்கள், ஆவி வெளியேறாத பாத்திரத்தில் குழம்பு வற்றவே வற்றாது.

தொடையின் தடித்த இடத்தில் கத்தி தடையின்றி இறங்கினால் மூடியை எடுத்துவிட்டுக் காளானைச் சேருங்கள். பத்து நிமிடம் திறந்தபடி. கரண்டியால் அடியில் ஒரு கோடு இழுங்கள்: கோடு இரண்டு நொடி நின்று பிறகு மூடினால் பாணுக்குப் பதம். சோற்றுக்கென்றால் சற்று முன்னதாகவே இறக்கலாம். இன்னும் தண்ணியாக இருந்தால் கோழியை வெளியே எடுத்துவிட்டுக் குழம்பை மட்டும் வற்றவையுங்கள்; கோழியோடு சேர்த்து வற்றவைத்தால் நார்தான் மிஞ்சும். கோர்ன்ஃபிளவர் கரைத்து ஊற்றினால் சைனீஸ் கடை மினுக்கம் வந்துவிடும். புளிப்பு தூக்கலாக இருந்தால் அரைத் தேக்கரண்டி சீனி, அதற்கு மேல் வேண்டாம். தேங்காய்ப் பால் புளிப்பை அடக்கும்தான், ஆனால் பிறகு இதற்கு வேறு பெயர் வைக்க வேண்டும்.

இறக்கிக் கால் மணித்தியாலம் கழித்துப் பரிமாறுங்கள். வடக்கு இத்தாலியில் பொலெந்தா என்ற சோளக் களியோடு சாப்பிடுவார்கள். அது மஞ்சள் சோள ரவையில் கிண்டுவது, கோர்ன்ஃபிளவரில் வராது. நமக்கு றோஸ்ட் பாண் அதைவிடப் பொருத்தம், பொருபொருத்த ஓரம் குழம்பை இழுத்துக்கொள்ளும். அவித்த உருளைக்கிழங்கும் நல்லது.

மறுநாள் இன்னும் ருசிக்கும். ஆனால் இந்த ஊர்ச் சூட்டில் இரவு முழுக்க அடுப்பில் விட்டுவைக்க முடியாது. இரண்டு மணித்தியாலத்துக்குள் அகலமான பாத்திரத்துக்கு மாற்றி பிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாள் தாங்கும். காலையில் திறந்தால் குழம்பு ஜெலி போல உறைந்திருக்கும். பழுதாகவில்லை, தொடையின் ஜெலற்றின்தான் அது. சூடாக்கும்போது கிண்டாமல், மூடி போட்டு, அதே தோசைக்கல்லின் மேல் மெல்ல இளக விடுங்கள்.