வெயில் சர்க்கரை ஆவதில்லை

அக்கா மகளுக்கு இந்த ஆண்டு தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு. சனிக்கிழமை காலையானால் அறிவியல் புத்தகத்தோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள். போன வாரம் ஒளிச்சேர்க்கைப் படம் ஒன்று வரைந்திருந்தாள். மேலே சூரியன், அதிலிருந்து இலைக்கு ஓர் அம்புக்குறி, இலையிலிருந்து ‘சர்க்கரை’ என்று இன்னோர் அம்புக்குறி. அவ்வளவுதான் படம். “வெயில்தானே மாமா சர்க்கரையா மாறுது?” என்றாள். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. ‘செடி சூரிய ஒளியைச் சர்க்கரையாக மாற்றுகிறது’ என்று பெரியவர்களே வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

ஒளிக்கு எடை கிடையாது, சர்க்கரைக்கு உண்டு. அப்படியானால் அந்த எடை எங்கிருந்து வந்தது? பெரும்பாலும் காற்றிலிருந்து. 180 கிராம் குளுக்கோஸில் 72 கிராம் கார்பன், 96 கிராம் ஆக்சிஜன். இரண்டுமே கரியமில வாயு கொடுத்தவை. மிச்சம் 12 கிராம் ஹைட்ரஜன் மட்டும்தான் வேர் உறிஞ்சிய தண்ணீரிலிருந்து வருகிறது. இத்தனைக்கும் காற்றில் பத்தாயிரத்தில் நாலு பங்குதான் கரியமில வாயு. அதை இலைத்துளை வழியாகச் சலித்தெடுத்துத்தான் கரும்பு, நெல், சாலையோர அங்சானா மரம் எல்லாம் உடம்பு வளர்க்கின்றன.

வெயில் அடுப்பு மாதிரி. அடுப்பில்லாமல் சோறு வேகாது, அதற்காக நெருப்பே சோறாகிவிட்டது என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. சோறு ஆறினால் அடுப்பின் சூடு போய்விடும், சர்க்கரையில் ஒளியின் ஆற்றல் அப்படியே பூட்டிக் கிடக்கும். சிங்கப்பூர் தேக்காவில் ஒரு கிளாஸ் கரும்புச்சாறு குடித்ததும் வருகிற தெம்பு, எங்கோ ஒரு வயலில் எப்போதோ அடித்த வெயில்.

அடுத்த தவறு நான் செய்தது. ஐந்தாம் மாடித் தாழ்வாரத்தில் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி வைத்திருந்தேன். இலை வெளிறி, கொம்பு மெலிந்து நின்றது. ‘சாப்பாடு போதவில்லை’ என்று நானாக முடிவுகட்டி, உரத்தை அள்ளிப் போட்டேன். பத்து நாளில் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது. உரம் செடிக்குச் சாப்பாடு இல்லை, சத்து மாத்திரை. பச்சையம் கட்ட நைட்ரஜன் வேண்டும், பச்சையத்தின் நடுவில் உட்காரும் மெக்னீசியம் வேண்டும். அதெல்லாம் உண்மைதான். ஆனால் பட்டினி கிடப்பவனுக்கு மாத்திரையைக் கைநிறையக் கொடுத்தால் என்ன ஆகும்? எதிர் புளோக்கின் நிழல் நாள் முழுக்க என் தொட்டியின் மேல் விழுந்துகொண்டிருந்தது. தாழ்வாரத்தின் கடைசிக்கு, காலை வெயில் படும் இடத்துக்கு நகர்த்திய பிறகுதான் புதுத் துளிர் வந்தது.

வெளிச்ச விஷயத்தில் நம் கண்ணை நம்பக்கூடாது. வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ், உச்சி வெயிலில் அது 100,000 அளவு இருக்கும். விளக்குப் போட்ட வரவேற்பறையில் சில நூறு லக்ஸ்கூடத் தேறுவது கஷ்டம். கண் பாப்பா விரிந்து சரிக்கட்டிவிடுவதால் நமக்கு அறை பளிச்சென்று தெரிகிறது. செடிக்கு அது இருட்டறைதான்.

மண்தான் மரமாகிறது என்ற எண்ணம் பழசு. பெல்ஜியத்துக்காரர் வான் ஹெல்மோன்ட் ஏறக்குறைய 90 கிலோ காய்ந்த மண்ணை நிறுத்துத் தொட்டியில் கொட்டி, 2 கிலோவுக்குச் சற்றே கூடிய வில்லோ கன்றை நட்டு, தண்ணீர் மட்டும் ஊற்றி வந்தார். ஐந்தாண்டு கழித்து மரம் சுமார் 77 கிலோ. மண்ணின் எடையோ 60 கிராம்கூடக் குறையவில்லை. அவர் இறந்தபின் 1648இல் இது அச்சில் வந்தது. மண் இல்லை என்று சரியாகக் கண்டுபிடித்த மனிதர், ‘அப்படியானால் எல்லாம் தண்ணீர்தான்’ என்று சறுக்கிவிட்டார். காற்றை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

செடி விடும் ஆக்சிஜன் கரியமில வாயுவிலிருந்து பிரிந்தது என்று எழுதுவதும் பிசகு. அது தண்ணீர் உடைந்து வருவது. ரூபன், கேமன் என்ற விஞ்ஞானிகள் 1941இல் கனமான ஆக்சிஜன் கலந்த தண்ணீரைப் பாசிக்குக் கொடுத்து இதைக் காட்டினார்கள்.

இனி மூச்சு. ‘செடி பகலில் ஆக்சிஜன் விடும், இரவில் சுவாசிக்கும்’ என்று எழுதினால் மதிப்பெண் போகும். செடி இருபத்துநாலு மணி நேரமும் சுவாசிக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கை அதைவிட வேகமாக நடப்பதால் சுவாசம் வெளியே தெரிவதில்லை, அவ்வளவே. சாயங்காலம் இலையை மடக்கிக்கொள்கிற நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரமும் (மலாய்க்காரர்கள் இதை ‘புக்குல் லீமா’, ஐந்து மணி மரம், என்பார்கள்) தூக்கத்தில் மூச்சை நிறுத்துவதில்லை. ராத்திரியில் புளியமரத்தடியில் படுத்தால் பேய் அமுக்கும் என்று பாட்டி சொன்னார். பேய் இல்லை, கரியமில வாயு என்று பிறகு யாரோ அதற்கு அறிவியல் சட்டை மாட்டினார்கள். திறந்த வெளியில் அந்த வாயு தேங்கி ஆளை அமுக்காது. பாட்டியின் பேயாவது சுவாரசியமாக இருந்தது.

இதன் மறுபக்கம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது: படுக்கையறையில் ஸ்னேக் பிளான்ட் வைத்தால் இரவெல்லாம் ஆக்சிஜன் தருமாம். வெளிச்சம் இல்லாமல் தண்ணீர் உடையாது, தண்ணீர் உடையாமல் ஆக்சிஜன் ஏது? அன்னாசி, ஸ்னேக் பிளான்ட் போன்றவை இரவில் செய்வது வேறு. பகலில் துளையைத் திறந்தால் தண்ணீர் ஆவியாகிவிடும் என்பதால் ராத்திரியில் திறந்து கரியமில வாயுவைப் பிடித்து, மாலிக் அமிலம் என்ற புளிப்புப் பொருளாகச் சேமித்துக்கொள்கின்றன. விடிந்ததும் துளையை மூடிவிட்டு, அதை எடுத்துச் சர்க்கரை செய்கின்றன. ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்போமே, அந்தச் செடியின் இலை காலையில் புளிக்கிறது, மதியம் சப்பென்றாகிறது என்று, இந்தியாவில் பணியாற்றிய தாவரவியலாளர் பெஞ்சமின் ஹைனே 1813இலேயே எழுதினார். நீங்கள் மென்று பார்க்க வேண்டாம், அந்த இலையில் நச்சும் உண்டு.

‘இருள் வினை’ என்ற பெயரும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. பெயரைப் பார்த்து இரவில் நடப்பது என்று எழுதிவிடுவார்கள். ஒளிச்சேர்க்கையில் சர்க்கரை கட்டும் பகுதிக்கு நேரடியாக ஒளி தேவையில்லை என்பதுதான் பொருள். ஒளி பிடித்துத் தந்த ஆற்றலில்தான் அது ஓடுகிறது. வெளிச்சம் போனால் சற்று நேரத்தில் அதுவும் நின்றுவிடும். அதன் படிகளைத் துப்புத் துலக்கியதற்குத்தான் மெல்வின் கால்வினுக்கு 1961இல் நோபல் பரிசு.

அப்புறம் அயோடின் சோதனை. அயோடின் சர்க்கரையைக் காட்டும் என்று அக்கா மகளும் எழுதியிருந்தாள். வாயால் சொல்வதைவிடக் காட்டிவிடலாம் என்று ஒரு தட்டில் கொஞ்சம் சர்க்கரைத் தண்ணீர், பக்கத்தில் நேற்றைய சோறு ஒரு கரண்டி வைத்து, மருந்துப் பெட்டியிலிருந்த அயோடினில் இரண்டிரண்டு சொட்டு விட்டேன். சர்க்கரைத் தண்ணீர் பழுப்பாகவே இருந்தது. சோற்றுப் பருக்கை ஒவ்வொன்றும் ஓரத்திலிருந்து கருநீலமாகிக்கொண்டே வந்தது. இலை அன்றாடச் செலவு போக மிஞ்சும் சர்க்கரையை மாவுச்சத்தாக்கி வைக்கிறது, அயோடினுக்குத் தெரிவது அந்த மாவுச்சத்து மட்டும்தான். நெல் செடியின் இலை செய்து அனுப்பிய சர்க்கரையும் மணிக்குள் மாவுச்சத்தாகத்தான் உறங்குகிறது. “அப்போ நாம சாப்பிடுறதும் காத்துதானா மாமா?” என்று தட்டையே பார்த்துக்கொண்டு கேட்டாள். “காத்தும் தண்ணியும்” என்றேன். அதற்குள் அக்கா வந்து, நல்ல தட்டில் கறை பண்ணிவிட்டோம் என்று இருவரையும் சேர்த்தே பிடித்துக்கொண்டாள்.