27,300 பவுண்டை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்

போயிங் 737-800-இல் வரும் சிஎஃப்எம்56-7பி27 இன்ஜினின் உந்துவிசை 27,300 பவுண்டு. 35,000 அடியில் எவ்வளவு எரிபொருள் ஆகும் என்று கணக்குப் போடுபவர்கள் பலர் இந்த எண்ணில் தொடங்கி அங்கேயே சறுக்குகிறார்கள். அது கடல்மட்டத்தில், டேக்-ஆஃபுக்கான எண். மேலே காற்றின் அடர்த்தி தரையில் இருப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவு உந்துவிசையை அங்கே இன்ஜினால் தரவும் முடியாது, விமானத்துக்குத் தேவையும் இல்லை.

இழுவையிலிருந்து, அதாவது காற்று விமானத்தைப் பின்னுக்கு இழுக்கும் விசையிலிருந்து தொடங்குங்கள். ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறக்கும்போது உந்துவிசையும் இழுவையும் சமம். எடை 65 டன், தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் 17 என்று வையுங்கள். தூக்குவிசை எடைக்குச் சமம் என்பதால், இழுவை 65-ஐ 17-ஆல் வகுத்து வரும் 3.8 டன். ஒரு இன்ஜின் தர வேண்டியது 1.9 டன்தான், டேக்-ஆஃபில் அதுவே 12.4 டன் தருகிறது.

அடுத்த சறுக்கல் இன்னும் மோசம். ஒரு கிலோ உந்துவிசைக்கு மணிக்கு எத்தனை கிலோ எரிபொருள் என்ற எண், தரையில் நிற்கும்போது சுமார் 0.37, க்ரூஸில், அதாவது உயரத்தில் சீராகப் பறக்கும்போது, சுமார் 0.63. நொடிக்கு 230 மீட்டர் வேகத்தில் உள்ளே வரும் காற்றை அதைவிட வேகமாகப் பின்னால் தள்ளினால்தான் அங்கே உந்துவிசை கிடைக்கும். நிற்கிற காற்றைத் தள்ளும் செலவில் அது முடியாது. இழுவையான 3,820 கிலோவை 0.63-ஆல் பெருக்கினால் மணிக்கு 2,400 கிலோ வரும். இந்த விமானம் உண்மையில் குடிப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. 0.37 போட்டால் 1,400. அதை நம்பி நிரப்பினால் பாதி வழி தாண்டியதும் டேங்க் காலி.

க்ரூஸில் காக்பிட் திரை என்1 85, 90 என்று காட்டுவதை உந்துவிசையின் சதவீதமாக எடுப்பவர்களும் உண்டு, சிமுலேட்டர் ஓட்டுபவர்களில் குறிப்பாக. அது இன்ஜினின் முன்விசிறி சுழலும் வேகம், சதவீதத்தில். அந்த நேரத்து உந்துவிசை, டேக்-ஆஃபில் தந்ததில் சுமார் 15 சதவீதம்.

ஏறும்போது கணக்கு மாறும். இழுவையோடு எடையின் ஒரு பங்கையும் இன்ஜின் சுமக்கிறது: 12 அடி முன்னே போக 1 அடி ஏறினால், 65 டன்னுக்குக் கூடுதலாக 5.4 டன். அதனால் ‘மெதுவாக ஏறினால் மிச்சம்’ என்று தோன்றும். ஆனால் அடர்ந்த காற்றில் அதிக நேரம் கிடப்பதால் பயணத்தின் மொத்தச் செலவு சற்றுக் கூடத்தான் செய்கிறது. விமானிகள் ஏறும்போது உந்துவிசையைக் குறைத்து வைப்பது இன்ஜின் தேய்மானத்துக்காக, எரிபொருளுக்காக அல்ல.