இருவர் செல்லும் கோடைக்கால பைக் பயணம்: பின்னிருக்கையிலிருந்து திட்டமிடுவது எப்படி?

கோடையின் முதல் பாதியில் சொந்த மோட்டார் சைக்கிளில் ஒரு நெடும்பயணம், பிற்பாதியில் விமானமேறி வேறொரு நாட்டின் மலைச்சாலைகளில் வாடகை பைக் என்று ஆசைப்படும் தம்பதியர் பெரும்பாலும் வரைபடத்தை விரித்துவைத்துக்கொண்டுதான் திட்டமிடத் தொடங்குகிறார்கள். பின்னிருக்கையிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் வேண்டுகோள். ஓட்டுபவருக்குப் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி உண்டு, எதிரே சாலை தெரியும், எப்போது பிரேக் பிடிக்கப்போகிறோம் என்பதும் தெரியும். பின்னால் அமர்பவருக்கு இவற்றில் எதுவும் இல்லாததால் அவர் உடல்தான் முதலில் களைக்கிறது. ஆகவே தூரம், சுமை, வழி, ஓய்வு ஆகிய நான்கையும் அவர் தாங்கும் அளவை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

முதல் படி: இரண்டு நாள் ஒத்திகை

பயணத்துக்கு இரண்டு மாதம் முன்பாக, கொண்டுசெல்லப்போகும் மூட்டை முடிச்சு அத்தனையையும் ஏற்றிக்கொண்டு இரண்டு நாள் ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும், முழங்கால், இடுப்பு, தோள் ஆகியவற்றில் வலி எத்தனையாவது மணி நேரத்தில் தொடங்கியது என்று பின்னால் அமர்பவர் குறித்துவைக்க வேண்டும்.

நாங்கள் முதல் பயணத்தில் இதைச் செய்யாமல், நாளொன்றுக்கு 400 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுக் கிளம்பிவிட்டோம். இரண்டாம் நாள் மாலை மழையில் வண்டியை நிறுத்தியபோது, என் மனைவிக்கு வலது கால் மரத்துப்போய், இருக்கையைத் தாண்டிக் காலைத் தூக்கிப் போட முடியவில்லை. என் தோளைப் பிடித்தபடி அவர் இறங்க நெடுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து சமவெளியில் 250 கிலோமீட்டர், மலையில் 150 கிலோமீட்டர் என்பது எங்கள் உச்சவரம்பு. ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம் இறங்கி நடப்போம்.

இருவருக்கும் இடையிலான சைகைகளையும் இந்த ஒத்திகையிலேயே பழகிவிட வேண்டும். ஓட்டுபவர் இரு கால்களையும் தரையில் ஊன்றித் தலையசைத்த பிறகே மற்றவர் ஏற வேண்டும். தோளில் ஒரு தட்டு என்றால் கிளம்பலாம், இரண்டு தட்டு என்றால் நிறுத்த வேண்டும். வளைவுகளில் பின்னால் அமர்பவர் வேறெதுவும் செய்ய வேண்டியதில்லை: வண்டி இடப்பக்கம் திரும்பினால் ஓட்டுபவரின் இடத்தோளுக்கு மேலாகவும், வலப்பக்கம் திரும்பினால் வலத்தோளுக்கு மேலாகவும் சாலையைப் பார்த்தால் போதும், உடல் தானாகவே வண்டியோடு சேர்ந்து சாயும்.

இரண்டாம் படி: சுமைக் கணக்கு

வண்டியின் கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். அது 180 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட், ஜாக்கெட், பூட்ஸ் அணிந்த நிலையில் இருவரின் எடை 150 கிலோ என்றால், மிச்சம் 30 கிலோதான். பக்கவாட்டுப் பெட்டிகளின் எடையும் அதற்குள் அடக்கம். கனமானவற்றைத் தாழ்வாகவும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும் வையுங்கள். பின்புற மேல்பெட்டியில் இலேசான துணிமணிகள் மட்டும் இருக்கட்டும்.

இருவர் ஏறினால் பின்பக்கம் அமிழ்ந்து, முகப்பு விளக்கின் ஒளி மேல்நோக்கி எழும். எனவே பின்புற ஸ்பிரிங்கின் இறுக்கத்தையும் டயர் காற்றழுத்தத்தையும் இருவருக்கான அளவுக்கு மாற்றிவிட்டு, விளக்கின் கோணத்தையும் சரிசெய்ய வேண்டும். காற்றழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போதே அளக்க வேண்டும். டயரின் பக்கச்சுவரில் 2324 என்றிருந்தால், அது 2024ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது என்று பொருள்.

மூன்றாம் படி: பருவமும் பாதையும்

கோடை வந்துவிட்டாலே மலைக்கணவாய்கள் திறந்திருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. இத்தாலியில் 2,757 மீட்டர் உயரத்திலுள்ள ஸ்டெல்வியோ கணவாய் பனிக்காலம் முழுவதும் மூடப்பட்டு, மே இறுதியிலோ ஜூனிலோதான் திறக்கும். ருமேனியாவின் டிரான்ஸ்ஃபகராஷான் சாலையின் உயர்ந்த பகுதி திறப்பதற்குப் பல ஆண்டுகளில் ஜூன் கடைசி ஆகிவிடுகிறது. நியூசிலாந்து செல்ல விரும்பினால், அங்கே கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஸ்டெல்வியோவின் வடகிழக்குப் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. இருவரோடு பாரமும் ஏற்றிய வண்டியை அத்தனை முறை மெதுவாகத் திருப்புவது கைகளுக்குக் கடும் வேலை என்பதால், அன்றைய நாளுக்கு அந்த ஒரு ஏற்றமே போதும். நான்கு நாளுக்கு ஒரு நாள் வண்டியைத் தொடவே வேண்டாம்.

நான்காம் படி: ஆவணங்கள்

பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியில் மோட்டார் சைக்கிளுக்கான பிரிவு முத்திரையிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கார் பிரிவு மட்டும் இருந்தால் அது பைக்குக்குச் செல்லாது. அது எந்த ஒப்பந்தத்தின்படி வழங்கப்பட்டது என்பதும் முக்கியம்: 1949ஆம் ஆண்டு ஜெனீவா ஒப்பந்தத்தின்படி வழங்கப்படும் அனுமதி ஓராண்டு செல்லும், ஜப்பான் அந்த வகை அனுமதியை மட்டுமே ஏற்கிறது.

ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் குறுகிய கால விசாவுக்குப் புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்பாவது விண்ணப்பித்தாக வேண்டும். அதற்கான மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். இங்கே அவசரப்படாதீர்கள். பல பயணக் காப்பீடுகள் மோட்டார் சைக்கிள் ஓட்டுவதை விலக்கிவைக்கின்றன, அல்லது குறிப்பிட்ட சிசி வரை மட்டுமே ஏற்கின்றன. ஓட்டுபவருக்கு மட்டுமின்றிப் பின்னால் அமர்பவருக்கும் காப்பு உண்டா என்று எழுத்து மூலம் கேட்டு வாங்குங்கள்.

ஐந்தாம் படி: வெளிநாட்டில் வண்டி எடுப்பது

தரையிறங்கிய அன்றே பைக் எடுக்க வேண்டாம். ஓர் இரவு நன்றாகத் தூங்கியெழுங்கள். ஹெல்மெட்டுகளை உங்களுடையவையாகவே கொண்டுசெல்லுங்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் இருவரும் ஏறி அமர்ந்து, பின்னால் அமர்பவரின் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது, கைபிடிக்க வாகான இடமிருக்கிறதா என்று பாருங்கள். பின்னர் வண்டியைச் சுற்றிவந்து, கீறல்களையும் டயர்களையும் கிலோமீட்டர் எண்ணையும் படமெடுத்துக்கொள்ளுங்கள். எல்லை தாண்டும் எண்ணமிருந்தால், அதற்கான அனுமதி ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

நீங்கள் பழகிய பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக ஓட்டும் நாடாக இருந்தால், முதல் நாள் 60 கிலோமீட்டருக்கு மேல் போகாதீர்கள். காலியான சாலையிலும், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போதும்தான் பழைய பழக்கம் மறதியாகத் தலைதூக்கும். அந்த இடங்களில் பின்னால் அமர்ந்திருப்பவர் எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை உரக்கச் சொல்ல, ஓட்டுபவர் அதைத் திரும்பச் சொன்ன பிறகே கிளட்ச்சை விட வேண்டும்.