பூத் ஜோலோக்கியா சாஸ்: மணம் கெடாமல் புளிக்கவைக்கும் முறை

வடகிழக்கு இந்தியாவின் கடும் கார மிளகாயான பூத் ஜோலோக்கியாவைக் கிள்ளினால் முதலில் எழுவது காரமில்லை, வாசம். நன்றாகக் கனிந்த பழத்தின் இனிப்பு மணம் மூக்கை எட்டும். அதற்குப் பிறகுதான் நெடி ஏறித் தும்மல் வரும். நாக்கிலும் அதே வரிசைதான். சில நொடி பழச்சுவை, பிறகு தொண்டையில் பற்றிக் காதுமடல்வரை பரவும் சூடு. 2007-இல் கின்னஸ் இதை உலகின் மிகக் காரமான மிளகாய் என்று ஏற்றபோது பதிவான அளவு 10,01,304 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு). 2023-இல் பதிவான பெப்பர் எக்ஸ் என்ற மிளகாயின் அளவு 26,93,000. காரத்தில் இதை மிஞ்ச மிளகாய்கள் வந்துவிட்டன. மணத்தில் இதற்கென்று தனி இடம் இன்னும் இருக்கிறது. நாகாலாந்தில் ராஜா மிர்ச்சா, மணிப்பூரில் ஊ மொரோக் என்று அழைத்து அன்றாடச் சமையலில் சேர்ப்பவர்கள் சிறு துண்டுதான் போடுவார்கள். சாஸ் போடும்போது நாம் காப்பாற்ற வேண்டியதும் அந்த மணத்தைத்தான். கார எசென்ஸ் ஊற்றிய புட்டிச் சாஸ்களில் எரிச்சலும் கசப்பும் இருக்கும், மிளகாய் இருக்காது.

இந்த எரிச்சல் உண்மையான தீப்புண் அல்ல. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால் விழித்துக்கொள்ளும் நரம்பு ஏற்பியை, மிளகாயின் காரப் பொருளான காப்சைசின் தட்டி எழுப்புகிறது. அந்த ஏற்பியைக் கண்டறிந்ததற்காகவே விஞ்ஞானி டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. வாய் வெந்துபோனதாக உடம்பு நம்பி வியர்க்கிறது, மூக்கு ஒழுகுகிறது; ஒன்றும் ஆகாது என்று மனதுக்குத் தெரியும். ராட்டினத்தில் கத்திக்கொண்டே சிரிப்பதுபோன்ற இன்பம் அது.

சாதாரண மிளகாயில் காரம் விதையில் இல்லை, விதையைப் பிடித்திருக்கும் வெள்ளைத் தசையில் இருக்கிறது. பூத் ஜோலோக்கியாவில் தோலின் உட்பக்கத்திலும் சுரக்கும். அதனால் தசையைச் சுரண்டி எறிந்து காரத்தை அடக்கிவிட முடியாது. வேறு காய்களோடு கலந்து பரப்புவதுதான் வழி.

ஒரு லிட்டர் கண்ணாடிப் பாட்டிலுக்கு: பழுத்த பூத் ஜோலோக்கியா 50 கிராம் (ஏழெட்டுப் பழம்), காரமில்லாத பழுத்த சிவப்பு மிளகாய் 150, கேரட் 200, சின்ன வெங்காயம் 70, பூண்டு 30, தண்ணீர் 300 மில்லி. முதல் முறை போடுபவர்கள் 20 கிராம் பூத் ஜோலோக்கியாவோடு நிறுத்திக்கொண்டு மீதியைச் சிவப்பு மிளகாயால் நிரப்பலாம். காயும் தண்ணீரும் சேர்த்து 800 கிராம். அதில் 3 சதவீதம், அதாவது 24 கிராம் கல்லுப்பு. உப்பைத் தராசில் நிறுங்கள். கல்லுப்பும் பொடியுப்பும் ஒரு கரண்டியில் ஒரே எடை இருக்காது. குறைந்தால் காய் அழுகும், மிகக் கூடினால் புளிப்பு ஏறாமல் நின்றுவிடும்.

கையுறை போடாமல் தொடாதீர்கள். அசாமில் யானையை விரட்ட வேலிக் கயிற்றில் பூசும் மிளகாய் இது. காம்பைக் கிள்ளி, நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் போதும். கேரட்டை மெல்லிய வட்டமாக நறுக்குங்கள். எல்லாவற்றையும் பாட்டிலில் அடுக்கி, உப்பு கரைத்த தண்ணீரை ஊற்றி, மேலே முட்டைக்கோஸ் இலையை மடித்து அழுத்துங்கள். ஒரு துண்டுகூட நீருக்கு மேல் தலைகாட்டக் கூடாது. பூஞ்சை பிடிப்பது அங்கேதான். மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடி, வெயில் படாத மூலையில் தட்டின்மேல் வையுங்கள். தினமும் ஒருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும். மறந்தால் பாட்டில் பொங்கும், வெடிக்கவும் கூடும்.

நம் ஊர் வெப்பத்தில் இரண்டாம், மூன்றாம் நாளே குமிழி வரும், நீர் கலங்கும். கலங்குவது நல்லது, புளிப்புப் பாக்டீரியா வேலை செய்கிறது என்று பொருள். ஏழு முதல் பத்து நாளில் குமிழி அடங்கி, மோர் புளித்த வாசம் வரும். மேலே சுருக்கம் விழுந்த வெள்ளை ஆடை படர்ந்தால் அது ஈஸ்ட். கரண்டியால் வழித்தெடுத்துவிட்டுத் தொடரலாம். பச்சையாகவோ கறுப்பாகவோ பஞ்சுபோல முளைத்தால் பூஞ்சை. மேலாக எடுத்துவிட்டுப் பயன்படுத்த நினைக்காதீர்கள், முழுதும் குப்பைக்குத்தான்.

நீரை வடித்துத் தனியே வையுங்கள். காய்களை ஸ்டீல் மிக்ஸி ஜாரில் போட்டு, 100 மில்லி வினிகரும் வடித்த நீரில் 100 மில்லியும் விட்டு இரண்டு நிமிடம் மைய அரையுங்கள். பிளாஸ்டிக் ஜாரில் அரைத்தால் நெடி போகாது, அடுத்த தேங்காய்ச் சட்னியும் எரியும். அரைத்ததும் மூடியைத் திறக்கக் கூடாது. ஜாருக்குள் மிதக்கும் நுண்துளி முகத்தில் அடித்தால் மூச்சு முட்டிக் கமறும். ஜன்னலைத் திறந்து ஐந்து நிமிடம் பொறுங்கள். பிறகு துணியில் சிறிது பிழிந்து, அந்தச் சாற்றில், புளிப்பின் அளவைக் காட்டும் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 4-க்குக் கீழே இருக்க வேண்டும். இல்லையென்றால் வினிகரை ஒவ்வொரு மேசைக்கரண்டியாகச் சேர்த்து மறுபடி பாருங்கள்.

பலர் இதைக் கொதிக்கவைத்து அடைப்பார்கள். கொதித்தால் புளிப்பு அங்கேயே நிற்கும், ஆனால் இத்தனை நாள் காத்த பழ வாசம் ஆவியோடு போய்விடும், வீடு முழுக்க நெடியும் பரவும். கொதிக்கவைக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பதே மேல். முதல் வாரம் மட்டும் மூடியை அவ்வப்போது தளர்த்துங்கள். நீர் பிரிந்து நின்றால் குலுக்கினால் போதும்.

கையில் பட்டுவிட்டால் சோப்புக்கு முன் தேங்காய் எண்ணெய் தேய்த்துத் துடையுங்கள். காப்சைசின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள். வாய் எரிந்தால் தண்ணீர் வேண்டாம், பாலோ தயிரோ குடிக்கலாம். வயிற்றுப் புண் உள்ளவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இது கூடாது. வெறும் வயிற்றில் யாருக்குமே கூடாது. வயிற்றைப் பிடித்து இழுக்கும்.

முதலில் பல்குத்தும் குச்சி நுனியில் தொட்டுப் பாருங்கள். பழக்கமான பிறகு ஒரு தட்டு தயிர்சோற்றுக்கு இரண்டு சொட்டு சரியாக இருக்கும்.