லிஃப்ட் போட்ட பிறகும் டயர் உரசுகிறதா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பிரிங் மாற்றி வண்டியை இரண்டு இன்ச் தூக்கியாயிற்று, பெரிய டயரும் ஏறிவிட்டது. நிறுத்தி வைத்துப் பார்த்தால் டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே கை தாராளமாக நுழைகிறது. ஆனால் முதல் பள்ளத்தில் இறங்கி ஸ்டியரிங்கைத் திருப்பியதுமே கரகரவென்று உரசல். உடனே பலர் எடுக்கும் முடிவு, இன்னும் ஒரு இன்ச் தூக்கிவிடலாம் என்பது. பெரும்பாலும் அந்த ஒரு இன்ச்சால் உரசல் தீராது, புதுத் தொல்லைகள்தான் சேரும்.

லிஃப்ட் அளவு என்பது வண்டி சும்மா நிற்கும்போது இருக்கும் உயரம். டயர் ஃபெண்டரில் உரசுவதோ சஸ்பென்ஷன் அமுங்கும்போது. சக்கரம் மேலே எதுவரை போகலாம் என்பதை ஸ்பிரிங் முடிவு செய்வதில்லை, சக்கரம் மேலேறும்போது தடுத்து நிறுத்தும் ரப்பர் முட்டான பம்ப் ஸ்டாப் முடிவு செய்கிறது. பம்ப் ஸ்டாப்பைத் தொடாமல் ஸ்பிரிங்கை மட்டும் உயர்த்தினால், சக்கரம் முழுக்க அமுங்கி நிற்கும் இடம் பழைய இடமேதான். அங்கே போய்ச் சேரக் கொஞ்சம் கூடுதல் தூரம் கிடைக்கிறது, அவ்வளவே. சேசிஸுக்கும் பாடிக்கும் நடுவே கட்டை வைத்துத் தூக்கும் பாடி லிஃப்ட்டில் மட்டும் கணக்கு வேறு. அங்கே ஃபெண்டரே மேலே போவதால் டயருக்கு உண்மையாகவே இடம் கிடைக்கும்.

இதே குழப்பம் வண்டியின் அடியிலும் உண்டு. இடது, வலது சக்கரங்களை ஒரே இரும்புத் தண்டு இணைக்கும் சாலிட் ஆக்சில் வண்டியை எவ்வளவு தூக்கினாலும், அந்தத் தண்டில் இருக்கும் டிஃப் (டிஃபரென்ஷியல்) உருண்டை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழாது. அதை உயர்த்துவது டயர் மட்டும், அதுவும் விட்டம் கூடியதில் பாதி. 265/70 ஆர்17 டயரின் விட்டம் சுமார் 803 மி.மீ., 285/70 ஆர்17 சுமார் 831 மி.மீ. வித்தியாசம் 28, டிஃப்புக்குக் கிடைப்பது 14. இவை சைஸ் எண்ணிலிருந்து போடும் கணக்கு. ஒரே எண் போட்ட டயர்களே கம்பெனிக்குக் கம்பெனி சில மில்லிமீட்டர் மாறும். மட் டயர்களின் தோள்பட்டைக் கட்டைகள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால், அதே சைஸ் ஹைவே டயர் உரசாத இடத்தில் இவை உரசும்.

அளப்பதிலேயே தொடங்கும் தவறு

தரையிலிருந்து ஃபெண்டர் வரை அளந்தால் டயர் சைஸும் காற்றழுத்தமும் கணக்கில் கலந்துவிடும். சக்கரத்தின் மையத்திலிருந்து நேர் மேலே ஃபெண்டர் விளிம்பு வரை அளக்க வேண்டும். வேலை தொடங்கும் முன்பே நாலு மூலையையும் அளந்து எழுதி வையுங்கள். ஜாக்கியிலிருந்து இறக்கிய கையோடு அளக்கவே கூடாது. ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியே அசையும் இன்டிபென்டென்ட் சஸ்பென்ஷனில் டயர்கள் உள்பக்கம் இழுபட்டு, வண்டி பொய்யாக உயர்ந்து நிற்கும். சில மீட்டர் முன்னும் பின்னும் ஓட்டி, பம்பரை அழுத்தி ஆட்டிவிட்டுச் சமதரையில் அளவெடுங்கள்.

சொன்னதைவிட உயரம் கூடியிருந்தால் ஸ்பிரிங்கின் சுமைத் தரத்தைப் பாருங்கள். புல் பாரும் வின்ச்சும் சுமக்க வேண்டிய ஸ்பிரிங்கை வெறும் வண்டிக்குப் போட்டால் மூக்கு தூக்கி நிற்கும். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால், இடமும் வலமும் மாறிப் போடப்பட்டிருக்கலாம் (சில செட்டுகளில் இரண்டும் ஒரே உயரம் இல்லை), அல்லது காயிலின் நுனி அதன் இருக்கையில் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

இன்னொன்று, வெளியே தெரியாமல் கெடுக்கும் தவறு: சக்கரம் தொங்கும்போதே, அதைச் சேசிஸோடு இணைக்கும் கன்ட்ரோல் ஆர்மின் போல்ட்டுகளையும் லீஃப் ஸ்பிரிங் போல்ட்டுகளையும் முழுக்க முறுக்கிவிடுவது. ரப்பர் புஷ் அந்த நிலையிலேயே பூட்டிக்கொள்கிறது. வண்டி கீழே இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு நிற்கும். உயரம் தவறாகக் காட்டும், புஷ் சீக்கிரமே கிழியும். போல்ட்டைப் பிடிமானத்துக்கு மட்டும் போட்டு, வண்டி தன் எடையில் நின்ற பிறகுதான் குறிப்பிட்ட டார்க்கில் (முறுக்கு விசை அளவில்) முறுக்க வேண்டும்.

எங்கே உரசுகிறது என்று பார்க்காமலே பாகம் வாங்குவது

உரசிய இடம் தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும். ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் லைனரில் பளபளப்பு, பெயின்ட் போன கோடு, டயர் தோளில் மினுங்கும் வளையம். தெளிவாகத் தெரியாவிட்டால் டயரின் ஓரங்களில் சாக்பீஸ் தடவி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது சேசிஸிலோ கன்ட்ரோல் ஆர்மிலோ சாக்பீஸ் ஒட்டினால் அது லிஃப்ட் சம்பந்தப்பட்டதே அல்ல. ஸ்டியரிங் ஸ்டாப் போல்ட்டைக் கொஞ்சம் வெளியே எடுப்பது அல்லது ரிம்மின் ஆஃப்செட்டை (ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அது வண்டியில் பொருந்தும் முகம் வரையுள்ள தூரம்) மாற்றுவதுதான் தீர்வு.

ஆஃப்செட்டிலும் அவசரம் ஆபத்து. 265 அகல டயரும் 40 ஆஃப்செட் ரிம்மும் இருந்த இடத்தில் 285 அகல டயரும் 25 ஆஃப்செட் ரிம்மும் போடுவதாக வைத்துக்கொள்வோம். டயர் அகலம் இருபுறமும் 10 மி.மீ. கூடும். ஆஃப்செட் குறைந்ததால் சக்கரம் 15 மி.மீ. வெளியே போகும். உள்ளே 5 மி.மீ. இடம் லாபம், வெளியே 25 மி.மீ. துருத்தல். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயரின் வெளிமுனை போடும் வட்டம் பெரிதாகிறது. சேசிஸில் உரசியது நின்று, பம்பரின் மூலையிலும் கதவுக்கு முன்னால் இருக்கும் பாடி மடிப்பிலும் உரசத் தொடங்கும். வீல் பேரிங்குக்கும் பளு கூடும்.

பின்பக்க மடிப்பில் மட்டும் உரசினால், அலைன்மென்ட்டில் காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் முன்-பின் சாய்வு) சரிசெய்யும்போது கீழ் ஆர்மை முன்னே நகர்த்தச் சொல்லுங்கள். சக்கரம் சில மி.மீ. முன்னே வரும். போதாவிட்டால் மடிப்பை அடித்துத் தட்டையாக்கி, துருப் பிடிக்காமல் ப்ரைமரும் பெயின்ட்டும் பூசலாம்.

ஜாக்கியில் ஏற்றி இறக்கிப் பார்ப்பதைத் தவிர்ப்பது

எல்லாச் சோதனையிலும் இதுதான் முக்கியம், அதிகம் தவிர்க்கப்படுவதும் இதுதான். சேசிஸை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு ஷாக் அப்சார்பரை மட்டும் திரும்பப் பூட்டி, சக்கரத்தை மாட்டுங்கள். ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒன்றாகச் சேர்ந்த ஸ்ட்ரட் வண்டியில், கம்ப்ரசர் போட்டு ஸ்பிரிங்கை அடக்காமல் மேல் நட்டைக் கழற்றவே கூடாது. அமுங்கியிருக்கும் ஸ்பிரிங் உயிரை எடுக்கும். பிறகு ஜாக்கியால் சக்கரத்தைப் பம்ப் ஸ்டாப் அமுங்கும் வரை மெல்ல ஏற்றி, ஒவ்வொரு நிலையிலும் ஸ்டியரிங்கை இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை திருப்பிப் பாருங்கள்.

சாலிட் ஆக்சிலில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏற்றிப் பார்த்தால் போதாது. ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் தொங்கும்போது, பம்ப் ஸ்டாப்புக்கு வெளியே இருக்கும் டயர் இன்னும் மேலே போகும். அந்த நிலையில் உரசும் அளவை அளந்து, அதோடு 10 முதல் 15 மி.மீ. சேர்த்து பம்ப் ஸ்டாப்புக்கு ஸ்பேசர் வையுங்கள். வேகமாக இறங்கும்போது ரப்பர் இன்னும் நசுங்கும் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல். பம்ப் ஸ்டாப் அமுங்கி முடியும் முன் ஷாக் அடிமுட்டுகிறதா என்பதும் இதே சோதனையில் தெரியும். முட்டினால் ஷாக் உடையும்.

அடுத்து முழுக்கத் தொங்கவிட்டு பிரேக் ஹோஸ், ஏபிஎஸ் ஒயர், டிஃப்பின் ப்ரீதர் (காற்றுப் போகும்) குழாய் ஆகியவற்றைப் பாருங்கள். ஸ்டியரிங் கடைசி மூலையில் இருக்கும்போதும் ஹோஸில் தொய்வு மிச்சம் இருக்க வேண்டும்.

தூக்கியதால் வரும் கோணங்கள்

முன்பக்க ஸ்ட்ரட் தலையில் 25 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் வண்டி 25 மி.மீ. ஏறாது. ஸ்ட்ரட் கீழ் ஆர்மின் நடுப்பகுதியில் உட்காருவதால் பல வண்டிகளில் ஏறுவது 50 மி.மீ.யை நெருங்கும். இது தெரியாமல் 50 மி.மீ. ஸ்பேசர் வைத்தால் சக்கரத்துக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் சிவி ஜாயின்ட்டின் கோணம் எல்லை தாண்டி அதன் ரப்பர் பூட் கிழியும், மேல் பால் ஜாயின்ட் தொங்கும்போது முட்டும்.

சாலிட் ஆக்சிலில் கவனிக்க வேண்டியது, ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் சேசிஸோடு பிடித்து வைக்கும் பான்ஹார்டு ராடு. 900 மி.மீ. நீள ராடின் ஆக்சில் முனை முன்பு 100 மி.மீ. தாழ்ந்திருந்தது என்றால், 50 மி.மீ. தூக்கியதும் அது ஆக்சிலைச் சுமார் 7 மி.மீ. சேசிஸ் முனைப் பக்கம் இழுக்கும். ஒரு டயர் 7 வெளியே, மறு டயர் 7 உள்ளே. "ஒரு பக்கம் மட்டும் உரசுது" என்ற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. நீளம் மாற்றக்கூடிய ராடு போட்டால் சரியாகும். ஆக்சிலை முன்பின் நகராமல் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் உள்ள வண்டியில் காஸ்டரும் குறையும். 900 மி.மீ. ஆர்முக்கு 50 மி.மீ. லிஃப்ட் என்றால் ஏறக்குறைய 3 டிகிரி போய்விடும். ஸ்டியரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, வண்டி அலையும். காஸ்டர் புஷ் போட்ட பிறகே அலைன்மென்ட்டுக்கு அனுப்புங்கள்.

லீஃப் ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷாக்கிளை நீளமாகப் போட்டால், கூடிய நீளத்தில் பாதிதான் உயரமாகக் கிடைக்கும். பின்பக்கம் ஆக்சிலுக்கும் லீஃப் ஸ்பிரிங்குக்கும் நடுவே பிளாக் (கட்டை) வைக்கலாம், ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கக் கூடாது. முன் ஆக்சிலில் பிளாக் வேண்டவே வேண்டாம். ஆக்சிலை லீஃப் ஸ்பிரிங்கோடு இறுக்கும் பழைய யூ-போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தாதீர்கள்.

பின் ஆக்சிலோடு இணைந்த பிரேக் சுமை வால்வு உங்கள் வண்டியில் இருந்தால் அதன் பிராக்கெட்டையும் அதே அளவுக்கு மாற்றியமையுங்கள். இல்லையென்றால் வண்டி காலியாக இருப்பதாகக் கருதி அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும். மேலே சொன்ன டயர் மாற்றத்தில் ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது வேகம் சுமார் 103.5. ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். ஸ்டெப்னியும் புது சைஸில் இருக்கட்டும், அது தன் இடத்தில் அடங்குகிறதா என்று முன்பே பாருங்கள். உங்கள் ஊர்ச் சட்டமும் இன்ஷூரன்ஸும் எவ்வளவு மாற்றத்தை அனுமதிக்கின்றன என்பதைப் பாகம் வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

முதல் சில நூறு கிலோமீட்டரில் புது ஸ்பிரிங் கொஞ்சம் தணியும். அதன் பிறகு யூ-போல்ட், ஆர்ம் போல்ட், வீல் நட் எல்லாவற்றையும் மறுபடி டார்க் பார்த்து, சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் வரை நாலு மூலையையும் மீண்டும் அளந்து எழுதுங்கள். பிற்பாடு உரசல் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய எண்கள் அவைதான்.